யதார்த்தமும் கடினமும்: பேஸ்போல் முகாமைத்துவ விளையாட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

கணினியில் ஆடப்படும் பேஸ்போல் முகாமைத்துவ விளையாட்டொன்றைத் தொடங்கும் ஒருவர், ஒரு பந்தேனும் எறியப்படுமுன் நீண்டதொரு வினாப் பட்டியலுக்கு விடையளிக்க வேண்டியுள்ளது. ஏனைய கழகங்கள் வீரர் பரிமாற்றத்தில் எவ்வளவு இறுக்கமாக நடந்துகொள்ள வேண்டும்? வீரரின் ஆற்றலை எடைபோடுவோரின் கணிப்பு எவ்வளவு துல்லியமாக இருத்தல் வேண்டும்? காயங்கள் எத்துணை அடிக்கடி நிகழ வேண்டும்? கழக உரிமையாளர் முகாமையாளரைப் பதவி நீக்கலாமா? இவ்வினாக்களுக்கு விடை கூறுகையில் ஆட்டக்காரர் பலர் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றேயாகும். எது மிகக் கடினமோ அதுவே மிக யதார்த்தமானது என்பர். இவ்வளவுகோல் எளிதில் மனங்கொள்ளத்தக்கதாயினும், பேஸ்போலின் வரலாற்றோடு வைத்து நோக்குமிடத்து நிலைபெறுவதில்லை.

பேஸ்போலோடு பழக்கமில்லாத வாசகருக்குச் சில விளக்கங்கள் அவசியமாகின்றன. கிரிக்கெற்றைப் போலவே இதுவும் பந்தை எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே நிகழும் போட்டியாகும். ஆயின் அமெரிக்கப் பெருங்கழகங்களுள் ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 போட்டிகளில் ஆடுகின்றது. ஏறத்தாழ ஆறு மாதங்களுள் அவை யாவும் நடந்து முடிகின்றன. ஒவ்வொரு பந்தும் தனித்து நிற்கும் நிகழ்வாகையால், எண்களாகப் பதிவுசெய்வதற்கு இதனைப் போல் இசைவான விளையாட்டுகள் சிலவே உள்ளன. எனவேதான் எண்களிலிருந்து விளையாட்டை மீளப் படைக்கும் முயற்சியும் இத்துறையில் முந்தித் தோன்றியது. 1951 இல் ஏ.பி.பி.ஏ. என்னும் பகடை விளையாட்டும், 1961 இல் ஹல் ரிச்மனின் ஸ்ராற்-ஓ-மற்றிக்கும் வெளிவந்தன. பின்னையதில் மெய்யான வீரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. அவர் ஒரு பருவத்திற் சாதித்தவை பகடையின் வாய்ப்புகளாக அவ்வட்டையிற் பகிரப்பட்டிருக்கும். பகடை பாதித் தடவை அடிப்பவரின் அட்டையையும் பாதித் தடவை எறிபவரின் அட்டையையும் சுட்டும். 1971 இல் டொன் டக்லோ என்னும் மாணவர் பொமோனாக் கல்லூரியின் கணினிக்கு இத்தகைய விளையாட்டொன்றை எழுதினார். அவர் பங்குகொண்டு உருவாக்கிய ‘ஏர்ள் வீவர் பேஸ்போல்’ 1987 இல் வெளிவந்தது. 1990களின் இறுதியில் மார்க்கஸ் ஹைன்சோன் என்ற ஜேர்மானியர் தொடக்கிவைத்த ‘அவுற் ஒஃப் த பார்க் பேஸ்போல்’ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்துள்ளது. மேற்கூறிய வினாப் பட்டியல் மிக விரிந்து காணப்படுவது இதிலேயே.

இவ்விளையாட்டுகளில் ஆடுபவரின் கையில் துடுப்பு இல்லை. அவர் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர். வீரரைத் தெரிவுசெய்தல், சம்பளம் பேசுதல், பரிமாறுதல், வரிசைப்படுத்தல் என்பனவே அவர் தொழில். கைவிரைவை வேண்டும் விளையாட்டுகளிற் கடினத்தைக் கூட்டுவதென்றால் பந்தின் வேகத்தைக் கூட்டினாற் போதும். முகாமைத்துவ விளையாட்டில் அத்தகைய வேகம் ஒன்றில்லை. எதிரிகளை மேலும் விவேகமுள்ளவராக்கலாம். முகாமையாளர் அறியக்கூடியதைக் குறைக்கலாம். விதியை மேலும் கொடியதாக்கலாம். இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற செயல்கள். ‘கடினம்’ என்ற ஒரே சொல்லால் இவை மூன்றையும் குறிப்பதனாலேயே குழப்பம் தொடங்குகின்றது.

ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் யதார்த்தவாதம் பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்த காலத்தில், இயற்பண்புவாதத்தை அதனின்றும் பிரித்துக்காட்டும் முயற்சியும் நடைபெற்றது. புறத்தோற்றத்தின் விவரங்களை உள்ளவாறே அடுக்கிச் செல்வது ஒன்று. அத்தோற்றத்தைத் தோற்றுவிக்கும் உறவுகளை வெளிப்படுத்துவது மற்றொன்று. நாவலையும் சிறுகதையையும் கருதிச் சொல்லப்பட்ட இவ்வேறுபாடு இவ்விளையாட்டுகளுக்கும் பொருந்திவருவது வியப்புக்குரியது. சான்றாக 1968 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். எறிபவர் கோலோச்சிய ஆண்டு அது. செயின்ற் லூயிஸ் கழகத்தின் பொப் கிப்சன் ஒன்பது இன்னிங்சுக்குச் சராசரியாக 1.12 ஓட்டங்களையே விட்டுக்கொடுத்தார். அமெரிக்க லீக்கில் முதலிடம் பெற்ற துடுப்பாட்டச் சராசரி.301 மட்டுமே. மறு ஆண்டு, எறிபவர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தனர். இன்றைய விளையாட்டொன்றில் 1968 ஐத் தெரிவுசெய்தால் அவ்வாண்டின் எண்கள் ஏறக்குறைய அப்படியே வந்து விழும். ஆயின் ஆட்டக்காரர் அங்கு காண்பது மேட்டையன்று. மேட்டினால் விளைந்த எண்ணை மட்டுமே. இயற்பண்பு அங்குள்ளது. காரணம் வெளியே நிற்கின்றது.

எண்களின் ஒப்புமையை இழிவாகக் கருதவேண்டும் என்பது இதன் பொருளாகாது. கடினநிலை சரியாக உள்ளதா எனச் சோதிப்பதற்கு எண்களே முதற் கருவி. பேஸ்போலின் பெருவரலாற்றில் ஒரு பருவத்தில் 116 வெற்றிகள் இருமுறை மட்டுமே பெறப்பட்டன: 1906 இல் சிக்காகோ கப்சும், 2001 இல் சியாட்டில் மரினர்சும் அவற்றைப் பெற்றன. அந்த மரினர்சுங்கூட 46 போட்டிகளில் தோற்றது, உலகத்தொடருக்கும் செல்லவில்லை. மறுபுறத்தில், 2024 இல் 121 தோல்விகளைக் கண்ட சிக்காகோ வைற் சொக்ஸ் 41 முறை வென்றது. நான்கு நாளைக்கு ஒருமுறை உலகின் மிக மோசமான கழகமும் வெல்கின்ற விளையாட்டு இது. 1998 முதல் 2000 வரை நியூயோர்க் யாங்கீஸ் தொடர்ச்சியாக மூன்று உலகத்தொடர்களை வென்றபின், 2024 இலும் 2025 இலும் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் வெல்லும்வரை எக்கழகமும் அடுத்தடுத்து வென்றதில்லை. ஆகவே தனது கழகம் ஐந்தாறு பருவங்களாக 115 போட்டிகளுக்குக் குறையாமல் வெல்வதைக் காணும் ஆட்டக்காரர், தமது மேதைமையை மெச்சுமுன் தமது தெரிவுகளைச் சந்தேகித்தல் வேண்டும். சந்தேகித்தவுடன் அவர் செய்வது யாது? பரிமாற்றக் கடினத்தை ‘மிகக் கடினம்’ என்ற நிலைக்கு உயர்த்துகின்றார். தவறு இவ்விடத்திலேயே நேர்கின்றது.

‘மிகக் கடினம்’ என்ற நிலையில் ஏனைய கழகங்கள் தம் வீரரை உயர்த்தியும் ஆட்டக்காரரின் வீரரைத் தாழ்த்தியும் மதிப்பிடுகின்றன. பெறுவதைவிடக் கொடுப்பது மிகுதியாக இருந்தாலன்றிப் பேச்சு முடிவதில்லை. மெய்யான பொது முகாமையாளர் இவ்வாறா நடந்துகொண்டனர்? 1964 யூனில் சிக்காகோ கப்ஸ் லூ புரொக்கை செயின்ற் லூயிசுக்குக் கொடுத்து, ஏர்ணி புரோக்லியோவைப் பெற்றது. வேறு சிலரும் இப்பரிமாற்றத்தில் இடம்மாறினராயினும் வரலாறு நினைவுகூருவது இவ்விருவரையே. புரோக்லியோ சிக்காகோவுக்காக மொத்தம் 7 போட்டிகளையே வென்றார். புரொக் அவ்வாண்டே செயின்ற் லூயிஸ் உலகத்தொடரை வெல்வதற்குத் துணைநின்று, 3,023 வெற்றியடிகளுடனும் 938 தளத்திருட்டுகளுடனும் ஓய்வுபெற்றார். 1990 ஓகஸ்ற் மாதத்தில் பொஸ்ரன், 37 வயதான லரி அன்டர்சன் என்னும் எறிபவருக்காக ஜெவ் பக்வெல் என்ற இளைஞரை ஹூஸ்ரனுக்கு அனுப்பியது. அன்டர்சன் பொஸ்ரனுக்காக 15 போட்டிகளில் எறிந்தார். பக்வெல் ஹூஸ்ரனுக்காக 449 ஓட்டமுழுமைகளை அடித்தார்.

இவ்விரண்டு பரிமாற்றங்களும் ‘மிகக் கடினம்’ என்ற உலகில் நிகழ முடியாதவை. வரலாற்றில் நிகழ்ந்ததை நிகழவொட்டாமல் தடுக்கும் தெரிவொன்றை யதார்த்தமானது என்று எவ்வாறு கூறுவது? இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. இப்பரிமாற்றங்களைச் செய்தவர் மடையரல்லர். புரோக்லியோ 1963 இல் 18 போட்டிகளை வென்றவர். புரொக் அக்காலத்தில் தன்னை இன்னும் நிலைநாட்டாத இளைஞர். பொஸ்ரன் 1990 இல் தன் பிரிவை வெல்ல விரும்பியது, வென்றும்விட்டது. பிழை, பிற்காலத்தவரின் கண்ணுக்கே பிழையாயிற்று. ஏனைய கழகங்கள் ஆட்டக்காரரிடம் ஒருபோதும் ஏமாறாதவாறு அமைக்கும்போது கிடைப்பது விவேகமுள்ள எதிரியன்று, வருங்காலத்தை அறிந்த எதிரியே.

எனினும் தாழ்ந்த நிலையைத் தெரிவதும் தீர்வாகாது. கணினிக் கழகங்களுக்கு ஒரு பழைய பலவீனம் உண்டு: சில்லறைக் காசுகள் பலவற்றைக் கூட்டி ஒரு பொற்காசின் பெறுமதி வரச்செய்தால் பொற்காசைக் கொடுத்துவிடுகின்றன. நடுத்தர வீரர் மூவரைக் கொடுத்து நட்சத்திரம் ஒருவரைப் பெறும் இத்தந்திரத்தைத் தேர்ந்த ஆட்டக்காரர் யாவரும் அறிவர். அறிந்தும் செய்யாதிருப்பதற்கெனச் சிலர் தமக்குத் தாமே விதிகள் வகுத்துக்கொள்கின்றனர். ஒரு பருவத்தில் இத்தனை பரிமாற்றமே செய்வது, ஒருவருக்கு ஒருவராகவே கொடுப்பது என்றவாறு அவ்விதிகள் அமையும். எப்பட்டியலிலும் இல்லாத, எவரும் கண்காணிக்காத இத்தன்கட்டுப்பாடு, நடுத்தரமான பரிமாற்ற நிலையோடு சேரும்போது ‘மிகக் கடினம்’ தருவதைவிட மெய்யுலகுக்கு நெருங்கிய பயனைத் தருகின்றது.

யதார்த்தத்தின் உயிர்நிலை பரிமாற்றத்திலன்றி அறிவிலேயே தங்கியுள்ளது. பேஸ்போலில் திறன் தேடுவோர் ஒரு வீரரின் ஆற்றல்களை 20 முதல் 80 வரையான அளவையில் மதிப்பிடுவது வழக்கம். விளையாட்டுகளும் அவ்வளவையைத் தழுவியுள்ளன. மதிப்பீட்டின் துல்லியத்தை முழுமையாக்கினால், பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் பத்தாண்டுகளின் பின் எவ்வாறு ஆடக்கூடும் என்பது திரையில் எண்ணாக நிற்கும். மெய்யுலகில் அவ்வெண் எவர் கண்ணுக்கும் தெரிந்ததில்லை. 1966 இல் நியூயோர்க் மெற்ஸ் புதுமுகத் தெரிவில் முதலாமவராக ஸ்ரீவ் சில்கொட்டைத் தெரிந்தது. இரண்டாமவராக ரெஜி ஜாக்சன் தெரியப்பட்டார். சில்கொட் பெருங்கழகப் போட்டி ஒன்றிலேனும் ஆடவில்லை. ஜாக்சன் 563 ஓட்டமுழுமைகளை அடித்தார். 1988 இல் டொட்ஜர்ஸ் 62 ஆம் சுற்றில், 1,390 ஆவது ஆளாக, மைக் பியாசாவைத் தெரிந்தது. அதுவும் அவரது தந்தையாருக்கும் கழக முகாமையாளர் டொம்மி லசோடாவுக்கும் இருந்த நட்பின் பொருட்டே. அதே பியாசா 2016 இல் பேஸ்போல் புகழ் மண்டபத்திற்குத் தெரிவானார். முழுத் துல்லியம் நிலவும் உலகில் பியாசா 62 ஆம் சுற்றுவரை எஞ்சியிருக்க மாட்டார். நட்புக்கும் அங்கு வேலையில்லை.

இங்கு இருவகை அறியாமை கலந்துள்ளமை நோக்கற்பாலது. இளைஞனிடம் இப்போது உள்ளது என்ன என்பதை அறியாமை ஒன்று. உள்ளது பின்னர் எவ்வாறு மாறும் என்பதை அறியாமை மற்றையது. முன்னையதை மதிப்பீட்டுத் துல்லியமும், பின்னையதை ஆற்றல் மாற்றத்தின் தற்செயல் அளவும் கட்டுப்படுத்துகின்றன. துல்லியத்தைக் குறைத்துவிட்டு மாற்றத்தையும் நிறுத்திவிட்டால், பொறுமையோடு காத்திருப்பவன் இறுதியில் உண்மையை அறிந்துவிடுவான். மாற்றத்தை மட்டும் பெருக்கினாலோ வீரர் யாவரும் சூதாட்டச் சீட்டுகளாகிவிடுவர். இரண்டும் அளவோடு இருக்கும்போதே சில்கொட்டும் பியாசாவும் ஒரே உலகில் பிறக்க முடியும்.

அறியாமையை அதன் எல்லைவரை கொண்டுசென்றால் என்ன? மதிப்பீடுகள் யாவற்றையும் மறைத்து, ஆடிய போட்டிகளின் புள்ளிவிவரங்களை மட்டும் கொண்டு கழகத்தை நடத்துவோர் உளர். இதுவே தூய யதார்த்தம் என்பதும் அவர் கூற்று. ஓக்லண்ட் அத்லெற்றிக்சின் 2002 ஆம் ஆண்டுச் சாதனை இக்கூற்றுக்கு வலுவூட்டுவதாகத் தோன்றும். ஏறத்தாழ 4 கோடி டொலர் சம்பளச் செலவில், 12 கோடிக்கு மேற் செலவிட்ட யாங்கீசைப் போலவே அது 103 போட்டிகளை வென்றது. திறன் தேடுவோரின் கண்ணைவிட எண்களை நம்பியமையே அதன் வெற்றிக்குக் காரணம் என்ற கருத்தை, 2003 இல் வெளிவந்த மைக்கல் லூயிசின் ‘மனிபோல்’ உலகறியச் செய்தது. ஆயின் ஓக்லண்டுக்குத் திறன் தேடுவோர் இல்லாமலில்லை. எறிபவனின் தோள் அசைவையும் அடிப்பவனின் கால் எடுப்பையும் காண்பதற்கு மெய்யான முகாமையாளருக்குக் கண்கள் உண்டு. திரையின் முன் அமர்ந்தவருக்கு அவை இல்லை. பிழைபடக்கூடிய மதிப்பீட்டு எண்கள் அக்கண்களுக்கு ஈடாகவே தரப்படுகின்றன. அவற்றை முற்றாக அகற்றுபவர், எந்தக் கழகமும் அறிந்திராத குருட்டுத்தனத்தைத் தாமாகவே உண்டாக்கிக்கொள்கின்றார். அது கடினமானது என்பதில் ஐயமில்லை.

காயங்கள், உரிமையாளரின் கோபம் ஆகியன பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. இரண்டையும் அணைத்துவிடும் ஆட்டக்காரர், தாம் முகாமையாளராக அன்றி நிரந்தரச் சிற்றரசராக வாழ விரும்புவதை ஒப்புக்கொள்கின்றார். அதில் இன்பம் உண்டு, குற்றமில்லை. யதார்த்தம் என்ற பெயரை மட்டும் அதற்குச் சூட்டலாகாது.

பழைய காலப் பருவங்களை ஆட முனையும்போது ‘யதார்த்தம்’ என்ற சொல் வேறொரு பாரத்தைச் சுமக்கத் தொடங்குகின்றது. 1975 இறுதியில் நடுவர் தீர்ப்பொன்று வரும்வரை, பேஸ்போல் வீரர் தம் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் அதே கழகத்திற்கே கட்டுப்பட்டிருந்தனர். 1969 இல் செயின்ற் லூயிஸ் தம்மை பிலடெல்பியாவுக்குப் பரிமாறியதை ஏற்க மறுத்த கேர்ட் பிளட், வழக்குத் தொடுத்து 1972 இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். அக்காலத்தை உள்ளவாறு ஆட விரும்புபவர் இவ்வொதுக்க விதியைத் தெரிவுசெய்தல் வேண்டும். தெரிவுசெய்தவுடன் முகாமையாளரின் வேலை எளிதாகிவிடுகின்றது! வீரர் விலகிச்செல்ல முடியாது. சம்பளம் பேசும் வலிமையும் அவரிடமில்லை. யதார்த்தம் கூடக்கூடக் கடினம் குறையும் இவ்விடமொன்றே, இரண்டும் ஒன்றல்ல என்பதைக் காட்டப் போதுமானது. அன்றைய அமைப்பின் சுமையை முகாமையாளர் சுமக்கவில்லை, பிளட் சுமந்தார். விளையாட்டோ முகாமையாளரின் கதிரையிலிருந்தே உலகைக் காட்டுகின்றது.

1947 க்கு முந்திய பருவங்களில் இது மேலும் கூர்மையடைகின்றது. அவ்வாண்டு ஏப்பிரலில் ஜாக்கி ரொபின்சன் புறூக்ளின் டொட்ஜர்சுக்காகக் களமிறங்கும்வரை, இருபதாம் நூற்றாண்டின் பெருங்கழகங்கள் கறுப்பின வீரருக்குக் கதவடைத்திருந்தன. அவர் களமிறங்குவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன் ஜோஷ் கிப்சன் இறந்துபோனார். நீக்ரோ லீக்குகளின் புள்ளிவிவரங்கள் 2024 இல் பெருங்கழக ஏடுகளிற் சேர்க்கப்பட்டபோது, அவரது .372 என்ற வாழ்நாட் சராசரி அனைத்திலும் உயர்ந்ததாயிற்று. 1935 ஆம் ஆண்டை ஆடத் தொடங்குபவர் கிப்சனைத் தம் கழகத்திற் சேர்க்கலாமா? சேர்த்தால் வரலாறு பொய்யாகும். சேர்க்காவிடின், அன்று கதவடைத்தவரின் தீர்மானத்தை ஆட்டக்காரர் தம் கையாலேயே மீண்டும் எடுத்தவராவார். இயற்பண்புவாதி இரண்டாவதையே தெரிவான்; உள்ளவாறு காட்டினேன் என்று கைகழுவவும் செய்வான். கிப்சன் பெருங்கழகத்தில் ஆடும் ‘பொய்’ப் பருவமோ, மெய்ப் பருவங்களில் இல்லாதிருந்தது எது என்பதைப் போட்டிக்குப் போட்டி உணர்த்திக்கொண்டிருக்கும். இவ்விரண்டாம் வகை உண்மையே பெறுமதி மிக்கது எனக் கொள்வதற்கு இடமுண்டு.

இப்பிரச்சினையின் அடியாழத்தைத் தொட்ட படைப்பு, கணினி விளையாட்டுகள் வீடுகளுக்கு வருமுன்னரே எழுதப்பட்டுவிட்டது. ரொபேட் கூவரின் ‘த யுனிவேர்சல் பேஸ்போல் அசோசியேஷன்’ 1968 இல் வெளிவந்த நாவல். அதன் நாயகன் ஜே. ஹென்றி வோ ஐம்பத்தாறு வயதான கணக்காளன். தானே வகுத்த பகடை விளையாட்டில், தானே பெயரிட்ட வீரரைக் கொண்டு, இரவுதோறும் பேஸ்போல் சங்கமொன்றை நடத்துகின்றான். டேமன் ரதர்போர்ட் என்ற இளம் எறிபவன் மாசற்ற போட்டியொன்றை எறிந்து அவன் உள்ளத்தைக் கொள்ளைகொள்கின்றான். சில நாட்களுக்குள், பகடையில் ஒன்றுகளே திரும்பத் திரும்ப விழுந்தமையால், அபூர்வ நிகழ்வுகளுக்கென வோ வகுத்திருந்த அட்டவணை திறக்கின்றது. ஜொக் கேசி எறிந்த பந்து தாக்கி ரதர்போர்ட் இறக்கின்றான். இதனை மிகைப்படுத்தல் எனத் தள்ளுவதற்கில்லை. 1920 ஓகஸ்ற் 16 இல் கார்ல் மேய்ஸ் எறிந்த பந்து தலையில் தாக்கியதால் கிளீவ்லன்ட் கழகத்தின் றே சப்மன் மறுநாள் இறந்தார். அட்டவணையில் அவ்வரியை எழுதிய வோ யதார்த்தவாதியே. எழுதும்போது, அது தான் நேசித்தவன் மீது விழும் என்பதை அவன் எண்ணியிருக்கவில்லை.

அதன்பின் வோ செய்வதே நாவலின் மையம். எவரும் காணாத தன் சமையலறையில், பகடையைக் கையால் திருப்பி மூன்று ஆறுகளாக வைக்கின்றான், கேசி கொல்லப்படுகின்றான். இன்றைய ஆட்டக்காரருக்கு இத்துணை துன்பம் தேவையில்லை. நட்சத்திர வீரரின் தோள் முறிந்த மறுகணம், முன்னர் சேமித்துவைத்த நிலைக்கு மீண்டு அப்போட்டியை மறுபடி ஆடினால் தோள் முறிந்திருக்காது. வீரரையும் விதிகளையும் இடைநடுவில் மாற்றமுடியாதவாறு தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளும் தெரிவொன்றும் அண்மைக்காலப் பதிப்புகளில் உண்டு. பரிமாற்றத்தை ‘மிகக் கடினம்’ ஆக்கிவிட்டு, தோல்விதோறும் சேமித்த நிலைக்கு ஓடுபவரைவிட, யாவற்றையும் நடுவில் வைத்து வந்ததை வந்தவாறு ஏற்பவர் கடினமான உலகிலேயே வாழ்கின்றார். வோவும் விதியை மீறியவன்தான். ஆயினும் அவன் ரதர்போர்ட்டின் மரணத்தை அழிக்கவில்லை. அதன் மேல் இன்னொரு மரணத்தை எழுதினான். நாவலின் இறுதியில், ஏறத்தாழ நூறு பருவங்கள் கழிந்த பின்னர், வோவை எங்கும் காணவில்லை. அவ்விரு மரணங்களையும் சடங்காக நிகழ்த்திக்காட்ட நிற்கும் இளம் வீரர், இவை மெய்யாகவே நடந்தனவா எனத் தமக்குள் வினாவிக்கொண்டிருக்கின்றனர்.